வழங்கப்படாத புத்தகங்கள்

அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தால், முதலில் அதன் மேல்விளிம்பில் வாயால் ஒருமுறை ஊதுவார். பிறகுதான் பெயரை வாசிப்பார். பெயர், எழுதியவர், எண், கடைசியாகப் பின்னட்டையின் உட்புறம் ஒட்டியிருக்கும் தாளில் குத்தியிருக்கிற கடைசித் தேதி. அவர் சொல்லச் சொல்ல நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவேன். என் விரல்கள் நிற்கும்வரை அடுத்த புத்தகத்தைத் தொடமாட்டார். அந்த மழைக்காலம் முழுக்க எங்களுக்கு இதுதான் வேலை. பனி இறங்கி ஜன்னலை அடைத்துக்கொள்ளும், கரண்ட் போய்விடும், இருவரும் அது வரும்வரை காத்திருப்போம். கரண்ட் வந்ததும் விட்ட இடம் எது என்று நான் தடுமாறுவேன். அவர் தடுமாறியதே இல்லை.

ஊரில் எல்லோருக்கும் அவர் லைப்ரரி சார். தெற்கே கடற்கரை ஊர்க்காரர், கிறிஸ்தவர். இளைஞனாக இந்த மலைக்கு வேலைக்கு வந்தவர். கீழேயிருந்து மலைக்கு மாற்றலாகி வருகிறவர்கள் வந்த மறுநாளே இறங்குவதற்கு மனு எழுதுவார்கள். அவர் எழுதவில்லை. காளப்பநாயக்கன்பட்டியில் வீடு எடுத்துக் குடும்பத்தை வைத்துக்கொண்டு, தினமும் முதல் பஸ்ஸில் எழுபது வளைவும் ஏறி வந்து, கடைசி பஸ்ஸில் இறங்கினார். பாதி வளைவு வரைக்கும் குமட்டல், மீதிக்குத் தூக்கம் என்று சிரிப்பார். தேவனூர் நாடு என்கிற ஊர்த்தொகுப்பிலிருந்து செம்மேடு போகிற ரோட்டின் ஓரத்தில் இருந்தது எங்கள் நூலகம். ஒரே அறைதான். நான் இந்த மலையில் பிறந்தவள். நாமக்கல்லில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கல்யாணமாகி மறுபடி மலைக்கே வந்தேன். புத்தகங்களைக் கணினியில் ஏற்ற ஒப்பந்தத்தில் ஆள் தேவை என்றார்கள். போய்ச் சேர்ந்தேன்.

அலமாரிகளில் அங்கங்கே இடைவெளி இருந்தது. பல் விழுந்த வாய் மாதிரி. "இது எங்கே சார்?" என்று கேட்டால் இருப்புப் பதிவேட்டைப் பார்த்து எண்ணை மட்டும் சொல்வார். "இருப்பில் உள்ளதுன்னு போடும்மா." கடைசித் தேதியைக் கேட்டால் பல வருடங்களுக்கு முந்தைய தேதி ஒன்றைச் சொல்வார். நானும் போடுவேன். இல்லாத புத்தகத்தை எப்படி 'உள்ளது' என்று போடுவது என்று எனக்கு உறுத்தியது. ஆனால் கேட்கவில்லை. நாள்கூலி மாதிரியான வேலை, நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன்.

சந்தை நாளில்தான் விடை தெரிந்தது. செம்மேட்டுச் சந்தைக்கு மிளகு கொண்டுபோகிற ஒரு அக்கா, சாக்கை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். மடியிலிருந்து துண்டில் சுற்றிய புத்தகம் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். "ஏனுங்க சார், இது முடிஞ்சுதுங்க. கடல்ல போறாப்பல இன்னொன்னு இருந்தாக் குடுங்கன்னாரு" என்றார். சார் பெஞ்சுக்குக் கீழிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். கையெழுத்து இல்லை, தேதி முத்திரை இல்லை. அந்த அக்கா துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவருடைய வீட்டுக்காரர் மிளகு பறிக்க, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏறி, ஏணி சறுக்கி விழுந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பள்ளிக்கூடத்தில் எட்டாவதுவரை படித்தவர், படுக்கையில் கிடந்த பிறகுதான் படிக்கவே ஆரம்பித்தார் என்று சார் சொன்னார். உறுப்பினராக வேண்டுமென்றால் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், முகவரிக்குச் சான்று வேண்டும், அரசு ஊழியர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மனிதரால் கட்டிலை விட்டே இறங்க முடியாது. அவரைப் போல அங்கொருவர் இங்கொருவர் என்று தேவனூர் நாடு முழுக்க இருந்தார்கள். ஜாமீன் கிடைக்காத பெண்கள், வீட்டு எண்ணே இல்லாத காட்டுக் குடிசைக்காரர்கள். மாட்டு வைத்தியம், மிளகுக் கொடி வாடல், பிரசவம், பட்டா சட்டம், பெரிய எழுத்துக் கதைகள் என்று அவரவருக்கு வேண்டியதை சார் வாய்ச்சொல்லின் பேரில் கொடுத்து வந்திருக்கிறார். எத்தனையோ வருடமாக. எல்லாம் திரும்பி வந்திருக்கின்றன, திரும்பிப் போயும் இருக்கின்றன. அந்தப் புத்தகங்களின் பின்னட்டையில் மட்டும் தேதி நின்றுபோயிருந்தது.

ஏற்றும் வேலை முடிந்து கொஞ்ச நாளில் மேலிடத்திலிருந்து தகவல் வந்தது. நூலகத்தில் கம்ப்யூட்டர் மையம் வரப்போகிறது, இடம் வேண்டும், நெடுங்காலமாக யாருக்கும் வழங்கப்படாத புத்தகங்களை நீக்குவதற்குப் பட்டியல் அனுப்புக. அன்றைக்கு சார் மகளின் பிரசவத்துக்காக லீவில் இருந்தார். நான் கம்ப்யூட்டரில் தேதி வாரியாக வரிசைப்படுத்தினேன். அரை மணி நேரத்தில் பட்டியல் வந்துவிட்டது. மூன்று மாத உழைப்பு இப்படிக் கண்ணுக்கு முன்னால் பயனாவதைப் பார்க்க எனக்குப் பெருமையாகவே இருந்தது. வேகமாகச் செய்துவிட்டாள் என்று பேர் வாங்கவேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஒப்பந்தத்தை நீட்டிப்பார்கள் என்ற கணக்கும் இருந்தது என்பதை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது. அன்றே மெயிலில் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அவர் வந்ததும் அச்சிட்ட பட்டியலை நீட்டினேன். நின்றபடியே முதல் பக்கத்தைப் படித்தார். பிறகு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கம் வரை படித்தார்.

"ஏம்மா, இந்த மலையில ஜனங்க படிக்கிறதெல்லாம் இதுலதான் இருக்கு" என்றார். "மத்ததெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிறவங்க எடுக்கிறதுதான்."

"இன்னும் அனுப்பல சார்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யை மெய்யாக்குவதற்காக அவசரமாக வேறொரு வழி சொன்னேன். "கம்ப்யூட்டர்லதானே இருக்கு. நான் வேணும்னா இப்பவே தேதிய மாத்திடறேன். போன மாசம் குடுத்தா மாதிரி போட்டுட்டாப் போச்சு. யாருக்கும் தெரியாது சார்."

"நடக்காததா இது? நடந்ததுதானேம்மா. நடந்ததைச் சொல்றதுக்குப் பொய்த் தேதி எதுக்கு?" என்றவர், வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அங்கேயே எழுத ஆரம்பித்தார். இந்தப் புத்தகங்கள் வாசிக்கப்படுகின்றன, விதிமுறைப்படி பதியாமல் நானே வழங்கி வந்திருக்கிறேன், தவறு என்னுடையது, புத்தகங்களை நீக்க வேண்டாம். அவ்வளவுதான் கடிதம். கையெழுத்து மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

விசாரணைக்கு வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. எங்கள் அறையிலேயே உட்கார்ந்துதான் பேசினார், என்னை வெளியே போகவும் சொல்லவில்லை. "ரிட்டையர்மெண்ட்ட பக்கத்துல வெச்சுக்கிட்டு இதை ஏங்க எழுதிக் குடுத்தீங்க? வாபஸ் வாங்கிக்கங்க. நான் பார்க்கலன்னு நினைச்சுக்கறேன்" என்றார். சார் தலையசைத்து மறுத்தார். "சரி, அப்ப யார் யார்கிட்ட எந்தப் புத்தகம் இருக்குன்னு பேரு, ஊரு குடுங்க. ஆதாரம் இருந்தாத்தான் நான் மேல பேச முடியும்."

"பேரு குடுத்தா அவங்களுக்கு நோட்டீஸ் போகுமாங்க?"

"போகும். அரசாங்கப் பொருளில்லையா? திருப்பிக் குடுக்கச் சொல்லித்தான் ஆகணும்."

இங்கே ஒரு வீட்டுக்கு அரசாங்கக் காகிதம் வந்தால் என்ன ஆகும் என்பது மலையில் பிறந்த எனக்குத் தெரியும். காட்டை விட்டு எழுப்பப்போகிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். அந்த வீட்டிலிருந்து அடுத்த தலைமுறைகூட ஒரு புத்தகத்தைத் தொடாது.

"பேரு ஞாபகமில்லீங்க" என்றார் சார். விட்ட இடத்தை ஒருநாளும் மறக்காத மனிதர் அப்படிச் சொன்னார். அதிகாரிக்கும் அது பொய் என்று தெரிந்திருக்கும். பேனாவை மூடி வைத்தார். அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். சந்தை நாளில் கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கலாம். பேர் சொல்லாமலே சொல்லியிருக்கலாம். கீ போர்டின் மேல் போட்டிருந்த துணியை நீவிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அலட்சியத்தால் புத்தகங்கள் காணாமற்போயின என்று தீர்ப்பானது. பணிக்காலத்தின் கடைசி மாதங்களைக் கீழே ஒரு கிடங்கில் கழிக்கும்படி சாரை மாற்றினார்கள். அவர் போவதற்கு முன், அலமாரியில் இருந்தவற்றில் பட்டியலில் உள்ளவற்றை எடுத்துக் கயிறு போட்டுக் கட்டினோம். லாரி வந்த அன்றைக்கு அவர் தன் கையால் ஒரு புத்தகக் கட்டையும் தூக்கவில்லை. லாரிக்காரர் அவசரத்தில் இரண்டு கட்டை ஈரத்தரையில் போட்டபோது மட்டும் போய்த் தூக்கி, சட்டையால் துடைத்து, மேலே வைத்தார். பழைய காகிதக் கடைக்குத்தான் போகின்றன என்று தெரிந்தும் துடைத்தார். வெளியே வீடுகளில் இருந்த புத்தகங்களை நான் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக நீக்கினேன்.

கம்ப்யூட்டர்கள் வந்தன. அவற்றைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் செம்மேட்டுக்கு அலைந்தவர்கள் இப்போது இங்கேயே விண்ணப்பிக்கிறார்கள். தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் வருகிறார்கள், போன வருடம் ஒருத்தி வேலைக்கும் போனாள். நானும் இந்த வேலையில் நிலைத்துவிட்டேன். நூலகர் என்று எனக்குப் பெயர் இல்லை, ஆனாலும் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்த அறைகளுக்கு இனி நூலகரே வேண்டாம், ஒரு கருவி போதும் என்று கூட்டங்களில் பேசிக்கொள்கிறார்கள். அப்படிப் பேசும்போது நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். கருவி செய்வதைத்தானே நானும் செய்தேன். கேட்டார்கள், வரிசைப்படுத்திக் கொடுத்தேன்.

சார் போன பிறகு அந்த அக்கா வந்தார். துண்டைப் பிரித்துப் புத்தகத்தை வைத்தார். பழக்கத்தில் நான் எண்ணைத் தட்டினேன். அப்படி ஒரு புத்தகம் இல்லை என்றது திரை. "இது கணக்குலேயே இல்லீங்களேக்கா. திருப்பி வாங்க முடியாதுங்க" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. "நாங்க கிழிக்கல கண்ணு, நல்லாப் பாரு" என்று பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றதும், வேறொன்று கேட்டார். அலமாரியில் தேர்வுக்கான புத்தகங்கள்தான் இருந்தன. போனில் இறக்கித் தருகிறேன் என்று சொன்னேன். இடுப்பிலிருந்து பட்டன் போனை எடுத்துக் காட்டிச் சிரித்தார். அவர் வீடு இருக்கிற பள்ளத்தில் அதற்கே சிக்னல் இல்லை. அடுத்தடுத்த சந்தைகளில் வேறு சிலரும் இப்படியே புத்தகத்தோடு வந்து, புத்தகத்தோடு திரும்பினார்கள். அப்புறம் யாரும் வரவில்லை.

அடுத்த மழைக்காலத்தில் அந்த அக்காவின் வீட்டுக்காரர் இறந்துபோனார். படுக்கைப் புண் சீழ் பிடித்து, ஆஸ்பத்திரிக்கு இறக்குவதற்குள் முடிந்துவிட்டது. துக்கம் கேட்கப் போயிருந்தேன். "அதே புத்தகத்தையே நாலு தரம் படிச்சாரு கண்ணு" என்றார் அக்கா. "அஞ்சாந்தரம் எடுத்து வெச்சுட்டு, போதும் புள்ளன்னு மூடிட்டாரு." என்னைக் குறை சொல்லும் குரல் இல்லை அது. அதனால்தான் என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

சார் ஓய்வு பெற்ற பிறகு ஒருமுறை காளப்பநாயக்கன்பட்டிக்குப் போய் அவரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். பேத்தி போனில் பாட்டு வைத்துக்கொண்டு அவர் மடியில் கிடந்தாள். அவர் மனைவி காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும், பட்டியலை அவரிடம் காட்டுவதற்கு முதல்நாளே நான் அனுப்பிவிட்டதைச் சொன்னேன். பல மாதமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள். பாதியிலேயே அழுதுவிட்டேன்.

"தெரியும்மா. மேலிடத்துக் கடிதத்துல உன் பட்டியல் வந்த தேதி போட்டிருந்துதே" என்றார். "அதை விடு. அவரு எப்படி இருக்காரு? கட்டில்ல படுத்திருப்பாரே."

"இருக்காருங்க சார்" என்றேன். "படிச்சிட்டுத்தான் இருக்காரு." இரண்டாவது முறையாக அவரிடம் பொய் சொன்னேன்.

அவர் முகம் தெளிந்தது. பேத்தியை மெல்ல நகர்த்திவிட்டு எழுந்து, உள்ளறைக்குப் போய்த் தன் சொந்தப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். மேல்விளிம்பில் ஊதவில்லை, அதில் தூசியே இல்லை. "இதுவும் கடல் பயணந்தான். அவருக்குப் பிடிக்கும். குடுத்துடும்மா" என்றார்.

அதை மடியில் வைத்துக்கொண்டு எழுபது வளைவும் ஏறினேன். ஒரு பக்கமும் திறக்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேராகப் பள்ளத்துக்கு இறங்கி அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. நடந்ததையெல்லாம் சொன்னேன். செத்துப்போனதைச் சாரிடம் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன்.

"சொல்லாததே நல்லதுதான் சாமி. அவரு மனசு தாங்காது" என்றார் அக்கா. கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினார். அவருக்குப் படிக்கத் தெரியாது. வீட்டுக்காரர் சத்தமாகப் படிக்கக் கேட்டுத்தான் கதையெல்லாம் தெரியும் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார். புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அட்டையில் கப்பல் இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு உள்ளே போய், வீட்டுக்காரரின் வெறுங்கட்டிலில், சுருட்டி வைத்திருந்த பாயின் பக்கத்தில், தலைமாட்டில் வைப்பது போலவே அதை வைத்துவிட்டு வந்தார்.

நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து கேட்டார்.

"இதை எப்பங்க கண்ணு திருப்பிக் குடுக்கோணும்?"