மைனஸ் இரண்டு

நேற்று என் மகள் கணக்கு நோட்டில், வந்த இரண்டு விடைகளில் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தாள். "ஏம்மா?" என்றேன். "ரூட்டை நீக்க ரெண்டு பக்கத்தையும் வர்க்கப்படுத்துறோமில்லப்பா, அப்போ பொய் விடையும் சேந்து வந்துடும். திரும்பப் போட்டுப் பாத்து அடிச்சிடணும்." எனக்கும் தெரியும். ஒரு வருடம் தாமதமாகத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

எங்கள் சாதிக்கு இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த சமயம். மறியலுக்காகக் கள்ளக்குறிச்சிச் சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பச்சை மரவாடை ஒரு வாரம் சோற்றில்கூட வீசியது. வெட்டியவர்களில் என் சித்தப்பாவும் ஒருவர். "நீ காலேஜ் போவத்தான்டா இதெல்லாம்" என்பார். பத்தாவதில் கணக்கில் எண்பது வாங்கியிருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளையன் கல்வராயன் மலைக்காரன். விடுதியில் தங்கி என்னோடு படித்தவன். கணக்கில் மட்டும் கோட்டை விட்டிருந்தான். தேறினால் மேலே படித்துத் தன் மலையிலேயே வாத்தியாராக வேண்டும், அதுதான் அவன் ஆசை. மறுதேர்வுக்கு ஹால் டிக்கெட் வாங்க இறங்கி வந்தவன், திரும்ப பஸ் இல்லாமல் எங்கள் வீட்டில் தங்கினான். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பெரிய மேதை பாருங்கள்!

எக்ஸோடு ஆறைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் எக்ஸே வர வேண்டும், எக்ஸ் எவ்வளவு? மூன்று, மைனஸ் இரண்டு என்று வந்தது. அவன் நோட்டின் ஓரத்தில் திரும்பப் போட்டுப் பார்த்தான். "மைனஸ் ரெண்டைப் போட்டா இந்தாண்ட ரெண்டு வருது, அந்தாண்ட மைனஸ் ரெண்டு. ஒத்து வரலியேடா?"

"இன்னாத்துக்குடா திரும்பப் போட்டுக்கினு இருக்க? ரெண்டயும் எழுது. உனக்குத்தான் கணக்கு வராதில்ல, சொல்றதக் கேளு."

கேட்டான். தேர்வில் அதே மாதிரிக் கணக்கு வந்தது. வெளியே வந்து, "ரெண்டயும் எழுதிட்டேன்டா" என்று சிரித்தான். தோளில் தட்டிக்கொடுத்தேன். முப்பத்து நான்கு மார்க், ஒன்று குறைவு. அந்த ஒன்றைத் தின்றது மைனஸ் இரண்டுதானா, யார் கண்டது? எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்த வருடம் வகுப்பில் பொய் விடை பற்றி நடத்தியபோதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்கு எழுத அஞ்சலட்டை வாங்கினேன். எழுதவில்லை. வெட்கம். பிறகு ஒதுக்கீட்டில் எனக்குக் கல்லூரி, வேலை. அவன் கேரளத்துக்கு மிளகுத் தோட்ட வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

போன வருடம்தான் மலையேறி அவன் வீட்டைத் தேடிப் போனேன். அவன் செத்து ஆறு வருடமாகியிருந்தது. "எங்க ரத்தத்துக்கே கணக்கு வராதுன்னு புள்ளைங்களயும் எட்டாவதோட நிறுத்திட்டாருங்க" என்றார் அவன் மனைவி. அவன் போட்டதுதான் சரி, தப்பு என்னுடையது என்றேன். "இப்ப சொல்லி இன்னாங்க ஆவப்போவுது?"

இறங்கி வரும்போது சாலையில் ஒரு புளியமரம்கூட இல்லை. அன்று வெட்டியது போக மிச்சத்தைச் சாலையை அகலமாக்க எடுத்துவிட்டார்கள். பக்க ஓரத்தில் அவன் சரியாகப் போட்டுப் பார்த்த அந்தக் கணக்கு நோட்டு ரொம்ப நாள் எங்கள் வீட்டில்தான் கிடந்தது. எப்போது எடைக்குப் போட்டோம் என்று நினைவில்லை.