கட்டைவிரலும் மூச்சுக் காற்றும்

என் மனைவியின் வலது கட்டைவிரலில் சீழ் கட்டியது. எங்கள் பட்டுத்தறியில் நெடுக ஓடும் பழைய பாவின் இழை நுனியோடு புதுப் பாவின் இழை நுனியைச் சேர்த்து முறுக்கிப் பிணைப்பதில், பெரிய காஞ்சிபுரத்து எங்கள் தெருவில் அவளுக்கு நிகரில்லை. அவ்விரலின்றி அவ்வேலை இல்லை. நான் மருத்துவம் கற்றவனல்லன். ஆயினும், இனியும் தாமதித்தால் சீழ் எலும்பைத் தொட்டுவிடும் என்று மருத்துவர் உரைத்தபோது, அதன் பொருள் எனக்கு நன்கு விளங்கிற்று.

சீழ் பிடித்த இடத்தில் மரத்துப்போகச் செய்யும் ஊசி சரிவரப் பிடிக்காதாம். ஆகவே அந்த இளம் பெண் மருத்துவர், வலியை மழுக்கும் வாயு அடைத்த ஓர் உருளையையும் அதனோடு இணைந்த முகமூடியையும் கொண்டுவரச் செய்தார்.

"இடது கையில நீங்களே புடிச்சுக்கோங்கம்மா. நல்லா மூச்சை இழுங்க. நீங்க இழுத்தாதான் கேஸ் வரும்."

அவளும் தலையசைத்தாள். ஆனால் மருத்துவரின் கை விரலருகே வந்ததும் உருளையின் 'உஸ்' ஒலி நின்றது. தொட்டதும் அலறினாள். மறுமுறையும் அவ்வாறே.

"ஏம்மா மூச்சை அடக்கறீங்க?"

முகமூடியை விலக்கினாள். "விரல் நுனியில வேலை நடக்கும்போது எவம்மா மூச்சு வுடுவா? இழை பறந்துடாது?"

பட்டிழை மூச்சுக் காற்றிலேயே விலகிவிடும். ஆதலால் பிணைப்போர் ஒவ்வோர் இழைக்கும் மூச்சை நிறுத்துவர். வாழ்நாளெல்லாம் அதற்குப் பழகிய உடல் எங்ஙனம் மாறும்?

மருத்துவர் கத்தியைத் தட்டில் வைத்தார். "இப்படியே இருந்தா முழு மயக்கம்தான் குடுக்கணும். அவங்க இதயத்துக்கு அது வேணாம்னு பாக்கறேன்."

மூச்சு வாங்காமல் எவராலும் சண்டை போட இயலாது. அவள் காதருகே குனிந்தேன்.

"கல்யாணமான புதுசுல நீ பிணைச்ச பாவு பாதியில பிரிஞ்சிச்சே, ஞாபகம் இருக்குதா?"

முகமூடிக்குள்ளிருந்து குரல் எழுந்தது: "யோவ்! நீ தறி மிதிச்ச மிதியில இரும்பே அறுந்திருக்கும்யா!" உஸ் என்றது உருளை.

"உன் தங்கச்சி பிணைச்சா ஒரு இழை அவுராது."

"அப்ப அவளையே கட்டிக்கினு இருக்க வேண்டியதுதான!" மீண்டும் உஸ்.

அடுத்த வசைக்கு நாக்குத் தடித்தது. கண்கள் பாதி மூடின. "இன்னாயா உன் மூஞ்சி ரெண்டா தெரியுது? ஒண்ணையே தாங்க முடியல" என்று சிரித்தாள். மருத்துவர் தம் சிரிப்பை அடக்கியவாறே சீழை வெளியேற்றி முடித்தார்.

புண் ஆறிக் கட்டவிழ்த்த நாளில், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து எதையாவது முறுக்கிக் காட்டும்படி அவர் கேட்டார். அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு என் முன்கைத் தோலைப் பற்றி முறுக்கினாள். நன்றாகவே வலித்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.