கோணலாய் ஏறிய கோடு

அன்று பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் நாங்கள் நான்கு பேர்தான் இருந்தோம்: அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்று நிலநடுக்கப் பித்துப் பிடித்த அங்கிள், அவருடைய மருமகன், பார்க்க வந்த விரிவுரையாளர், ரேடியோ பழுதுபார்க்கும் நான். ஊருக்கு வெளியே மேரு என்ற இடத்தில் ஒரு மேட்டில் புதைத்திருந்த கருவியின் அசைவை ஒலியாக்கி ரேடியோவில் அனுப்ப நான் ஏற்பாடு செய்திருந்தேன். வீட்டிலிருந்த பெட்டி அந்த ஒலியை மறுபடி கோடாக வரையும். அன்று ஒழுங்காக வரைந்தால்தான் எனக்குக் கூலி.

வெயில் ஏறினால் ஒலியின் சுருதி விலகும், கோடும் விலகும் என்று ஒரு வாரமாகப் பயந்துகொண்டிருந்தேன். ஒப்பிட்டுச் சரிசெய்ய நிலம் அசைந்தாலும் மாறாத இன்னொரு ஒலியையும் சேர்த்து அனுப்பலாம் என்று அங்கிளிடம் கெஞ்சியிருந்தேன். "சும்மா செலவு வைக்காத லா, தம்பி" என்று தள்ளிவிட்டார்.

மதியம் பெட்டியின் பேனா மெல்ல மேலே ஏறியது. அங்கிள் துள்ளினார். "சுமத்ரா ஆடுது, பாருங்க!"

விரிவுரையாளர் சிரித்துவிட்டார். "இவ்வளவு நிதானமாவா அங்கிள் நிலம் நடுங்கும்? அங்க டிரான்ஸ்மிட்டர் சூடாயிருச்சு."

அங்கிள் என் பக்கம் திரும்பினார். "ஃபார்ம் த்ரீ படிப்பக்கூடத் தாண்டாதவன நம்புனேன் பாரு, என்னைச் சொல்லணும்."

முன்பே எச்சரித்தவன் நான்தான்; என் கருவிப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அடுத்த மாதம் அங்கிள் நான் கேட்ட அந்த இரண்டாவது ஒலியை வேறொருவரை வைத்துச் சேர்த்துக்கொண்டார். எனக்கு வர வேண்டிய கூலிப் பணம் நூற்றெண்பது வெள்ளி இன்றுவரை வரவில்லை.