கப்பல் குளத்தில் செல்லக்கனி

கொச்சியில் புறப்பட்ட கப்பல் மறுநாள் எந்தக் கரையையும் தொடவில்லை. அன்று முழுக்கக் கடல்தான். பயணிகளுக்குச் சாப்பிடுவது, படுப்பது, எழுந்து மறுபடியும் சாப்பிடுவது ஆகியவைதான் வேலை. சுயம்புராஜ் அந்த வேலையை மனம் ஒன்றிச் செய்தார். பணிக்காலம் முழுக்கப் பேருந்தில் நின்றே பிழைத்த நடத்துநர் அவர். இப்போது மேல்தளத்துச் சாய்வு நாற்காலியில், வயிற்றின்மேல் தொப்பியைக் கவிழ்த்துக் கிடந்தார்.

அவர் மனைவி செல்லக்கனிக்கு ஒரே ஆசைதான். மேல்தளத்து நீச்சல் குளத்தில் இறங்கி, வேண்டிய மட்டும் கிடக்க வேண்டும். கோட்டாற்றில் ஏத்தன் வாழைக்காய் வறுவல் கடை வைத்திருக்கிறாள் அவள். பாதி ஆயுள் கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால் போயிற்று. தண்ணீரோடு அவளுக்கிருந்த உறவும் வேலைதான். கோரினாள், சுமந்தாள், துவைத்தாள். கன்னியாகுமரிக் கடற்கரைக்குப் போனாலும் பெண்ணுக்குக் கணுக்கால் வரைதான் கடல். அதற்குமேல் நனைந்தால் சேலை ஒட்டும், ஊர் பார்க்கும். ஆண்களுக்குக் கழுத்துவரை கடல், அதை ஒருவரும் பார்ப்பதில்லை. துபாயில் நர்ஸாக இருக்கும் மகள் சபிதா கப்பல் டிக்கெட்டோடு குளத்தின் படத்தையும் அனுப்பியபோதே செல்லக்கனி முடிவு செய்துவிட்டாள். நாளையிலிருந்து ஊர் ஊராக இறங்கிப் பார்க்க வேண்டும். குளத்துக்கு இன்றைய நாள்தான்.

எதற்கும் காரணம் கேட்கிறவள் அவள். கல்யாணமான புதிதில், அந்த மூன்று நாளும் கிணற்றடிக்குப் போகக்கூடாது என்றார் மாமியார். "கிணத்துக்கு எப்பிடித் தெரியும் மாமி?" என்று கேட்டாள். மாமியார் அடுக்களைக்குப் போய்விட்டார். அன்றே போய்த் தண்ணீர் கோரினாள். கிணறும் வற்றவில்லை, குடும்பமும் முங்கவில்லை. காரணம் சொன்னால் கட்டுப்படுவாள். சொல்லாத சட்டம் அவளுக்குச் சட்டமே இல்லை.

அப்படிப்பட்டவளும் அன்று ஒரு தப்புச் செய்தாள். திற்பரப்பு அருவிக்குப் போகும் நம்மூர்க்காரர்கள் எண்ணெய் தேய்க்காமல் தண்ணீரில் தலையைக் காட்டுவதில்லை. அந்த வழக்கப்படியே உச்சி முதல் உள்ளங்கால்வரை தேங்காயெண்ணெய் தேய்த்து, நைட்டியோடு, தோளில் தோர்த்துத் துண்டு போட்டுக் குளத்தங்கரைக்கு வந்து நின்றாள்.

குளத்துக் காவலர் விசில் ஊதிக்கொண்டே ஓடி வந்து ஆங்கிலத்தில் என்னவோ சொன்னார்.

"இதென்ன கூத்து மக்கா!" என்றாள் இவள், பொதுவாக.

அவர் முகம் மலர்ந்தது. "யக்கா, நம்ம ஊரா? நான் ஸ்டெனி, கொளச்சல்."

"கொளச்சலா? அப்போ அந்த இங்கிலீசை மடக்கி வை. என்னத்துக்கு மறிக்குத?"

"இவ்வளவு எண்ணெயோட எறங்குனா தண்ணியில ஏடு மாதிரிப் பாடை கட்டும் யக்கா. குளம் மீன் பொரிச்ச சட்டி மாதிரி ஆயிரும்."

"நியாயம். நைட்டி?"

"காலுல சுத்துனா முங்கிருவிய."

"அதுவும் நியாயம்தான். பின்ன என்னத்த உடுக்க?"

ஸ்டெனி குளத்தங்கரையில் இருந்த விதிப் பலகையைக் காட்டினார். காலில் சுற்றாத, நைலான் துணியில் தைத்த நீச்சல் உடை என்றிருந்தது. கப்பல் கடையில் கிடைக்கும், ஆனால் அதில் தோளும் தொடையும் தெரியும் என்று கூச்சத்தோடு சொன்னார். அப்போது அப்படி உடுத்திய ஒரு பெண் குளத்தில் பாய்ந்தாள்.

"அது அவளுக்க இஷ்டம், கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. எனக்கு வேண்டாம்," என்றாள் செல்லக்கனி.

தோளில் துணி போடும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டு வென்ற மண் அவளுடையது. மூடுவதா திறப்பதா என்பதை உடுக்கிறவள்தான் சொல்ல வேண்டும். அந்தச் சண்டையின் சாரமே அதுதானே.

நேரே அறைக்குப் போய்த் உடம்புக்குச் சோப்பும் தலைக்கு இரண்டு தடவை ஷாம்பூவும் போட்டு எண்ணெய் போக அலசினாள். பிறகு கணவரின் பெட்டியைக் கிளறினாள். சுயம்புராஜ் தோவாளையில் வடம் இழுக்கும் போட்டிக் குழுவின் தலைவர். வடத்தைத் தொட்டதில்லை, ஜெர்சி மட்டும் வாங்கியிருந்தார். அந்த நைலான் ஜெர்சியும், அவர் நடைப்பயிற்சிக்குப் போடும் நைலான் பேண்ட்டும் அவளுக்குச் சிக்கென்று பொருந்தின. முதுகில் கொட்டை எழுத்தில் 'தலைவர்' என்றிருந்தது. அப்படியே மேல்தளத்துக்கு ஏறி வந்தாள்.

"ஏட்டி, அப்போ சாயங்காலம் நடக்கதுக்கு நான் என்னத்த உடுக்க?" என்று நாற்காலியிலிருந்து அலறினார் சுயம்புராஜ்.

"லுங்கிச் சாரம் கெடக்குல்லா, அதை உடுத்துட்டு நடங்க."

ஸ்டெனி அவளைச் சுற்றி வந்து பார்த்து, "சரியா இருக்கு யக்கா, எறங்குங்க," என்றார். அவள் முதல் படியில் கால் வைத்தாள்.

"என்னப்பா இது, ஆத்துல குளிக்கிற மாதிரி?" குளத்துக்குள்ளிருந்து ஒரு குரல். கழுத்தில் தடித்த சங்கிலி போட்ட சென்னைக்காரர். "போட்டோ எடுத்தா இந்தம்மாதான் விழுறாங்க. இதுக்கா இவ்வளவு காசு கொடுத்து வந்தோம்? மேனேஜரைக் கூப்பிடு."

ஸ்டெனியின் முகம் சுண்டியது. "யக்கா... புகாரு போச்சுன்னா எனக்க வேலைக்கு..."

"காரணம் என்னவாம்?"

"பாக்க நல்லா இல்லியாம்."

"அது காரணமா மக்கா? அவருக்க கண்ணை அவரு திருப்பட்டு." சொல்லிக்கொண்டே, தெளிந்த தண்ணீருக்குள் நின்ற சங்கிலிக்காரரை ஒருமுறை பார்த்தாள். "சார், நீங்க உடுத்திருக்கது என்ன துணி?"

"ஜீன்ஸ். ஏன்?"

"பலகையில நைலான்னு போட்டிருக்கு. அது பொம்பளையளுக்கு மட்டும் எழுதுனதா?"

குளத்தில் கிடந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஸ்டெனி அந்த ஜீன்ஸைக் காலையிலேயே பார்த்தவர்தான். சங்கிலியின் தடிமனைப் பார்த்து வாய் திறக்காமல் இருந்தார். கண்டிப்பு எப்போதும் கீழ்நோக்கித்தானே பாய்கிறது! இப்போது அவருக்கும் தைரியம் வந்துவிட்டது. விசிலை ஒரு ஊது ஊதினார்.

"சார், ப்ளீஸ். மாத்திட்டு வாங்க."

அந்த மனிதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் அவர் மனைவியே சிரிப்பதைக் கண்டு, அசடு வழிய ஏறிப் போனார். ஜீன்ஸின் நான்கு பைகளிலிருந்தும் தண்ணீர் கொட்டியது.

செல்லக்கனி இறங்கினாள். முழங்கால், இடுப்பு, கழுத்து. கப்பல் அசைந்தபோது குளமும் சாய்ந்து அவளைத் தூக்கியது. மல்லாந்து படுத்தாள். துவைக்கத் துணியில்லை, சுமக்கக் குடமில்லை. மேலே வானம் மட்டும்.

சாரம் உடுத்திய சுயம்புராஜ் கரையில் வந்து நின்று, வாய்க்குச் சோற்றைக் கொண்டுபோகிற மாதிரி சைகை காட்டி ஏதோ கத்தினார். செல்லக்கனியின் காதுகள் தண்ணீருக்குள் இருந்தன. ஒன்றும் கேட்கவில்லை. அவள் எழுந்து கேட்கவும் இல்லை.