ஞா தெயோலிந்தாவின் நாற்பத்தேழு மனுக்கள்

தெயோலிந்தா ஒவெலார் நகராட்சி அலுவலகப் படியேறுகிறார் என்று தெரிந்தால், உள்ளே இரண்டு பேருக்காவது உடனே எழுந்துபோய்த் தெரெரே என்ற குளிர்ந்த மூலிகைத் தண்ணீர் குடிக்கத் தாகம் எடுத்துவிடும். சான் லொரென்ஸோவில் அவருடைய கோபம் அவ்வளவு பிரசித்தம். வயதுக்கு மரியாதை வைத்து எல்லோரும் "ஞா தெயோலிந்தா" என்பார்கள். திட்டும்போதுகூட அந்த "ஞா"வை விடமாட்டார்கள்.

தொலைபேசி இணைப்பகத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவர். வேலை போனபின் தெருக் குழுவுக்குச் செயலாளர் ஆனார். அந்தத் தெருவுக்குப் பின்னால் ஓர் ஓடை. மழை பெய்தால் அது சமையலறைகளுக்குள் வந்துவிடும். பக்கத்து வீட்டு நிமியாவின் கட்டில் இரண்டு முறை மிதந்திருக்கிறது. பதினோரு வருடத்தில் தெயோலிந்தா நாற்பத்தேழு மனு எழுதினார். நகராட்சி முத்திரை குத்திக் கொடுத்த நகல்களின் ஸ்கேன்கள், வெள்ளப் படங்கள், எல்லாமே அவருடைய பழைய கம்ப்யூட்டரில்தான். காகிதங்களை ஒரு வெள்ளம் கொண்டுபோய்விட்டது. நகராட்சியோ ஒவ்வொரு முறையும், "எங்க பதிவுல அப்படி எதுவும் இல்லையே" என்று கையை விரித்தது.

ஒரு பிப்ரவரி மாதம் கம்ப்யூட்டர் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளப் போய், பாதியில் நின்று, கறுத்துப்போனது. பழுது பார்க்கும் வில்ஃப்ரிதோவின் கடைக்குத் தூக்கிப் போனார்.

"இதுக்கு வயசாயிடுச்சு ஞா. செஞ்சவனே கைவிட்டுட்டான். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கிக்குங்க."

"உள்ள என் மனு இருக்கே?"

"போனது போனதுதான்."

"திறந்து பார்த்தியா?"

"பார்க்கறதுக்கு என்ன இருக்கு?"

பார்க்காமலே சாவுச் சீட்டு எழுதுகிறவனோடு பேச்சென்ன என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட மண்டபத்தில் சில தன்னார்வலர்கள் வருடாவருடம் போடுவதுபோல மேசை போட்டிருந்தார்கள். யாருடைய பழைய கம்ப்யூட்டரானாலும் சரி, லினக்ஸ் இயங்குதளத்தை இலவசமாகப் போட்டுத் தருவார்களாம். தெயோலிந்தாவுக்கு வாய்த்தவர் நேரி. வாரநாட்களில் பல்செட் செய்கிறவர்.

"வீட்டுல மகன் யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்களேன் ஞா. அவங்கிட்ட விளக்கிச் சொல்லிடறேன்."

"மகன் இல்ல. ரெண்டு காது இருக்கு. அதுக்கிட்ட சொல்லு."

நேரி பென்டிரைவைச் செருகினார். செத்ததாகச் சொன்ன பெட்டி எழுந்து உட்கார்ந்தது. அவர் விரல் படபடவென்று ஓடியது. வட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவவா என்று திரை கேட்டது. தெயோலிந்தா அவர் மணிக்கட்டை இறுகப் பிடித்தார்.

"எதை அழிக்கறே?"

"பழசை. அதான் போயிடுச்சுன்னீங்களே?"

"கடைக்காரன் சொன்னான், நான் சொல்லல. பதினோரு வருஷம்யா! நீயும் திறந்து பார்க்காமதான் அழிப்பியா?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நேரி முகம் சிவந்து முந்தைய திரைக்குத் திரும்பினார். அழிக்காமல், பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கும் வழியும் இருந்தது. அதில் நுழைந்து பழைய வட்டைத் திறந்தார். நாற்பத்தேழு மனுக்களும் வரிசையாக இருந்தன.

தெயோலிந்தாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் இரட்டிப்பானது. "இங்கதானே இருக்கு! ரெண்டு மாசமா என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டானே அந்தப் பாவி!"

எல்லாவற்றையும் வேறொரு பென்டிரைவில் நகலெடுத்தார்கள். பிறகு நிறுவ ஆரம்பித்தார்கள். பாதியில் கரண்ட் போனது. ஐந்து மணிவரை வரவில்லை.

"மன்னிச்சுக்குங்க ஞா. அடுத்த வருஷம் மறுபடி..."

"அடுத்த வருஷமா! அந்தக் குச்சியை இப்படிக் கொடு. நானே போட்டுக்கறேன். கெடுத்துட்டா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. உங்க மனு பத்திரமா வெளில இருக்கு. எத்தனை தடவை வேணாலும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்."

"இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

மறுநாள் காலை சமையலறை மேசையில் உட்கார்ந்தார். தெரெரே குவளையோடு நிமியா வந்து எட்டிப் பார்த்தாள். தெயோலிந்தா ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசித்து, புரிந்தபிறகே விசையைத் தட்டினார். நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. முதல் காரியமாகத் தன் பெயரை அடித்தார். "ஞா"வைத் தொடங்கும், தலையில் நெளிகோடு போட்ட N எழுத்து வர வேண்டிய இடத்தில் ஓர் அரைப்புள்ளி வந்து நின்றது. விசைப்பலகையின் மொழியைத் தவறாகத் தேர்ந்திருந்தார்.

"என் மரியாதையையே தின்னுடுச்சே இந்தச் சனியன்!"

"விட்டுத் தள்ளேன்க்கா, ஒரு எழுத்துதானே," என்றாள் நிமியா.

"ஒரு எழுத்தா? இன்னிக்கு எழுத்தை விடு, நாளைக்குத் தெருவை விடுன்னுவான்."

அமைப்பில் மாற்றினால் போதும் என்று அவருக்குத் தெரியாது. முழுவதையும் அழித்து முதலிலிருந்து நிறுவினார். இம்முறை "ஞா" வந்தது. பிரிண்டரும் மறுபேச்சில்லாமல் வேலை செய்தது.

திங்கட்கிழமை நகராட்சியில் எழுத்தர், "பதிவுல இல்லையே ஞா" என்று தொடங்கினார். தெயோலிந்தா தாள்களை மேசை மேல் ஒவ்வொன்றாகப் போட்டார்.

"இது உங்க முத்திரையா இல்லையா? இது? இதுவும் நானா செஞ்சேன்?"

ஒன்பதாவது தாளில் எழுத்தர் எழுந்துபோய்ப் பொறியாளரைக் கூட்டிவந்தார்.

ஜூலையில் ஓடையோரம் பெரிய வடிகால் குழாய் பதித்தார்கள். நிமியாவின் கட்டில் அதற்குப்பின் மிதக்கவில்லை. கடைசி மூன்று வீடுகளுக்கு மட்டும் குழாய் வந்து சேரவில்லை. அவற்றில் ஒன்று தெயோலிந்தாவுடையது. ஈரத் தரையில் ரப்பர் செருப்பை ஊன்றி மேசையில் உட்கார்ந்து, அவர் நாற்பத்தெட்டாவது மனுவை அடித்துக்கொண்டிருக்கிறார்.