பன்றிக்கும் பத்தியம்

என் மகள் பிறந்த நாலாம் நாள், குடிசைக்குப் பின்னாலிருந்த கொட்டிலில் பன்றி ஒன்பது குட்டி போட்டது. தாராவியில் உப்பங்கழியை ஒட்டிய தகரக் குடிசை. மே மாத வெயில். பன்றிக்கும் எனக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்தான். குடிசையும் பன்றியும் மாஹிமிலிருந்து சைக்கிளில் வந்துபோகும் ஒரு கோவாக்காரருடையவை. பன்றியைப் பார்த்துக்கொண்டால் குடிசையில் இருந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு. ஏற்பாடு செய்தது என் வீட்டுக்காரர். அவர் லாரியில் கிளீனர், பத்து நாளைக்கு ஒருமுறைதான் முகம் காட்டுவார். பார்த்துக்கொண்டது நான்.

பன்றி வளர்க்கிற வீடென்று நம் ஊர்ப் பெண்கள் ஒருத்தியும் பிள்ளை பார்க்க வரவில்லை. அது இன்றுவரை எனக்கு ஆறவில்லை. குழாயடியில் என் டின்னைப் பார்த்ததும் ஒருத்தி சொல்வாள்: "பன்னிக்குத்தான? எல்லாரும் பிடிச்ச பொறவு பிடி." பச்சை உடம்போடு கடைசியில் நிற்பேன்.

பேச்சுத் துணைக்கு இருந்தது ஊரிலிருந்து மாமியார் போட்ட கார்டு ஒன்று. நாற்பது நாளைக்குப் பச்சைத் தண்ணீர் வாயில் படக்கூடாது. சுக்குப் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் அரை டம்ளர், அதுவும் சாப்பாட்டுக்கு அப்புறம். மீறினால் பிள்ளைக்குச் சளி கட்டும், உனக்கு வயிறு தொங்கும். எத்தனை தடவை படித்திருப்பேன்! வேறு யார் என்னோடு பேசினார்கள்? நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டாலும் சொன்னபடியே இருந்தேன்.

என் புத்தி அதோடு நின்றிருக்கலாம். அதுவும் பிள்ளை பெற்றவள்தானே என்று பன்றிக்கும் பத்தியம் பிடித்தேன். தொட்டியைக் காயவிட்டு, வேளைக்கு ஒரு செம்பு சுக்குத் தண்ணீரை ஆற்றி ஊற்றினேன். எல்லாம் பரிவுதான். அந்த வட்டாரத்திலேயே என் நிலைமையில் இருந்த இன்னொரு ஜீவன் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் பன்றி தீனியைத் தொடவில்லை. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. குட்டிகள் முட்ட முட்ட, மடியை மறைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டது. சுவருக்கு இந்தப் பக்கம் என் மகளும் சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டாள். எனக்கும் பால் வற்றிக்கொண்டிருந்தது. கண்ணேறு என்று உப்பைச் சுற்றிப் போட்டேன். அழுகையின் சத்தமே மெலிந்துவிட்டது. பிள்ளை தங்காதோ என்று பயம் வந்துவிட்டது, அதைச் சொல்ல ஆளில்லை.

மறுநாள் காலை வந்த கோவாக்காரர் காய்ந்த தொட்டியைப் பார்த்துக் கத்தினார். "பானி நை பியேகி தோ தூத் கிதர் சே ஆயேகா?" பானியும் தூத்தும் எனக்குத் தெரிந்த நாலைந்து இந்தி வார்த்தைகளில் இரண்டு. தண்ணீர் குடிக்காமல் பால் எங்கிருந்து வரும் என்கிறார். தொட்டியை அவரே நிரப்பினார். சாக்கை நனைத்துப் பன்றியின் கழுத்திலும் தோளிலும் போட்டார். காயக் காய நனைக்க வேண்டும், ஈரம் குட்டிகள் பக்கம் போகக்கூடாது, தீனி வெயிலுக்கு முன்னும் பின்னும் மட்டும் என்று கை ஜாடையில் சொல்லிவிட்டுப் போனார். என் பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பன்றி தலை தூக்காமல் குடித்தது. மூன்று முறை தொட்டியை நிரப்பினேன். வெயில் தாழ்ந்ததும் எழுந்து தின்றது. பிறகு ஒருக்களித்துப் படுத்தது. ஒன்பதும் வரிசையாகத் தொங்கிக்கொண்டு குடித்தன.

தோளில் மகள் முனகிக்கொண்டிருக்க, நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியார் மேல், வீட்டுக்காரர் மேல், என் மேலேயே ஆத்திரமாக வந்தது. பன்றிக்கென்று வைத்திருந்த டின்னில் டம்ளரை முக்கிக் குடித்தேன். நாலு டம்ளர். சளி கட்டிவிடுமோ என்று அழுதுகொண்டேதான் குடித்தேன். அன்றிலிருந்து டின்னில் பாதி எனக்கு.

அதற்கு இரண்டாம் நாள் விடியும்போது ரவிக்கை பாலில் நனைந்திருந்தது. மகள் குடித்துவிட்டு அப்படியே தூங்கிப்போனாள். பத்தியம் தவறாமல் இருக்கிறேன், பாலுக்குக் குறைவில்லை என்று மாமியாருக்குக் கார்டு எழுதினேன். உள்ளதைத் தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் சொன்னேன்.