காலர் அக்காவின் முறை

தையல் ஆலையில் சட்டைக்குக் காலர் தைப்பதால் அவளுக்குப் பெயர் காலர் அக்கா. அவள் எழுந்தால் காலர் வராமல் மொத்த வரிசையும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதனால் ஒன்றுக்குப் போவதைக்கூட அடக்கிக்கொள்ளப் பழகியிருந்தாள். வீட்டிலும் அதே கதைதான். புருஷனின் கண்ணாடி, மகனின் சாவி எது தொலைந்தாலும் தேடுவது அவள். அவளுக்கு உடம்பு முடியவில்லையென்றால் யாரும் கவனிக்கப்போவதில்லை.

போன வருஷம் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை வண்டி ஆலை வாசலுக்கு வந்தது. வேலையில் நிரந்தரமானவர்களுக்கு மட்டும் டோக்கன். பார்ப்பது ஆணா பெண்ணா, ஏதாவது இருக்கிறதென்று சொல்லிவிட்டால் வீட்டை யார் பார்ப்பது என்று யோசித்து யோசித்து டோக்கனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மெஷினில் பட்டன் தைக்கும் பட்டன்காரி கான்ட்ராக்ட் ஆள், அவளுக்கு டோக்கன் இல்லை. அம்மாவை இதே நோய்க்குப் பறிகொடுத்தவள். என் டோக்கனில் என் பேரைச் சொல்லி நீ போ, உன் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று காலர் அக்கா அவளைத் தள்ளிவிட்டாள். பட்டன்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவுக்குத் தாராள மனசு என்று நினைத்துக்கொண்டாள். அது பயம் என்று காலர் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

குறை எதுவும் இல்லையென்று காலர் அக்காவின் போனுக்குச் செய்தி வந்தது. படித்துவிட்டுப் புருஷன் நிம்மதியானான். வண்டிக்குப் போனது தான் இல்லையென்று அவளும் சொல்லவில்லை.

இந்த வருஷம் குளிக்கும்போது இடது மார்பில் கல்லு மாதிரி ஒன்று கைக்குத் தட்டுப்பட்டது.

"போன வருஷந்தான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களே, சும்மா மனசைப் போட்டுக் குழப்பிக்காத" என்றான் புருஷன்.

பாவம், அவன்மேல் என்ன தப்பு? இன்னொருத்தியின் நல்ல உடம்பையல்லவா இவள் தன் பேரில் வைத்திருந்தாள்! உண்மையைச் சொன்னால் பட்டன்காரியின் வேலை போய்விடும். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்கவே அவளுக்குத் தெம்பில்லை.

வண்டி மறுபடி வந்தபோது அவளே போனாள். போன வருஷம் பார்த்தவர்களுக்கு இப்போது கிடையாது, பார்க்காதவர்களுக்கே நேரம் போதவில்லை, அடுத்த வருஷம் வாங்கம்மா என்றாள் நர்ஸ். கட்டி என்ற சொல் தொண்டைவரை வந்தது. பக்கத்தில் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தான். ஆம்பிளை முன்னால் அதை எப்படிச் சொல்வது? விழுங்கிக்கொண்டு திரும்பினாள். அழுகைகூட வரவில்லை, அலுப்புதான் வந்தது.

என்னக்கா, போன வேகத்தில் வந்துவிட்டீர்கள் என்று பட்டன்காரி கேட்டாள். ஊசியைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் மெல்லச் சொன்னாள் காலர் அக்கா. பட்டன் மெஷின் நின்றது. பட்டன்காரி எழுந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம்டி, உன் வேலை போயிடும்."

பட்டன்காரி காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னால் தைக்காத காலர்கள் குவிய, வரிசையில் எல்லோரும் வேடிக்கை பார்க்க, தரதரவென்று வண்டிவரை இழுத்துப் போனாள். சூப்பர்வைசரைத் தாண்டிப் படியில் ஏறி நர்ஸிடம் சொன்னாள்:

"போன வருஷம் வந்தது நாந்தாங்க. அக்காவை இதுவரைக்கும் யாரும் பார்க்கவே இல்லை."